கதியால் தளிர்க்கிறது, யன்னலோரத் தடி அழுகுகிறது: ஏன்?

வாசகர் கேள்வி, 09.06.2024

எங்கள் அப்பப்பா வேலிக்குப் போட்ட கதியால்கள் ஒன்றுகூடப் பட்டுப்போகாமல் தளிர்த்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது கொண்டாவிலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன், வளவு இல்லை. ஊர் வீட்டுச் செவ்வரத்தையில் 20 தடி வெட்டி வந்து, வேர் ஹோர்மோன் தூளில் தோய்த்து, யோகட் கோப்பைகளில் மண் நிரப்பி நட்டு, யன்னலோரம் அடுக்கினேன். ஒரு நாளும் தவறாமல் தண்ணீர் விட்டேன். 2 மட்டுமே பிழைத்தன. மற்றவை அடி கறுத்து அழுகிவிட்டன. வீட்டுக்குள் தடி வேர் பிடிக்காது என்பதுதான் என் முடிவு. மறுப்பவர்கள் உண்டா?

09.06.2024, இரவு

மறுக்கிறேன். கதியாலும் செவ்வரத்தைத் தடியும் ஒரே வேலை என்று நினைத்த இடத்திலேயே பிழை தொடங்குகிறது. கிளுவையிலோ பூவரசிலோ சீமைக்கிளுவையிலோ கதியால் வெட்டும்போது நாம் முற்றிய, மணிக்கட்டுப் பருமனான கொம்பையே தெரிகிறோம். இலையெல்லாம் களைந்துவிட்டுத்தான் நடுகிறோம். அந்தக் கொம்பு தன் தண்டுக்குள் சேர்த்து வைத்திருக்கும் மாப்பொருளைக் கொண்டு வாரக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இலை இல்லாதபடியால் அது இழக்கும் நீரும் சொற்பம். மாரி மழை மண்ணை நனைக்கும்வரை காத்திருக்க அதற்கு வசதி உண்டு.

உங்கள் செவ்வரத்தைத் தடி பென்சில் பருமன் இருந்தாலே அதிகம். அதில் சேமிப்புக் குறைவு. அதன் சாப்பாடு இலையில் இருந்துதான் வரவேண்டும். இலை ஒளியைப் பெற்றுச் செய்யும் சர்க்கரையும், கொழுந்தில் இருந்து கீழே இறங்கும் ஓட்சின் என்ற ஹோர்மோனும் வெட்டுவாயில் சேர்ந்தால்தான் அங்கே வேர் பிறக்கும். ஆனால் அதே இலைதான் ஆவியுயிர்ப்பால் நீரை வெளியேற்றிக்கொண்டும் இருக்கிறது. வேர் இல்லாத தடியால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. இலையை எடுத்தால் பட்டினி, விட்டால் வாட்டம். இந்த இக்கட்டுக்கு வழி இலையைச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்திருப்பதுதான். வேரைத் தோற்றுவிக்கும் அடிக்கோ ஒட்சிசன் வேண்டும். நீங்கள் செய்தது இரண்டுக்கும் நேர்மாறானது: இலையைச் சோளகக் காற்றில் காயவிட்டீர்கள், அடியை நாளாந்தம் தண்ணீரில் ஊறவிட்டீர்கள். வாடிய இலையைக் கண்டு இன்னும் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் ஊற்றினேன்.

இம்முறை 10 தடி மட்டும் வெட்டுங்கள். காலை 7 மணிக்கு முன்னர், தண்டு நீர் நிறைந்திருக்கும்போது வெட்டுங்கள். பச்சை மாறிக் கபில நிறம் தொடங்கும் பகுதியைத் தெரிந்து, 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே புதிய பிளேட்டால் வெட்டுங்கள்; பூவும் மொட்டும் இருந்தால் கிள்ளிவிடுங்கள். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு அவற்றையும் பாதியாகக் கத்தரியுங்கள். மண் வேண்டாம். அடி அறுத்த 1.5 லீற்றர் சோடாப் போத்தலை ஒவ்வொரு கோப்பைக்கும் மேலாகக் கவிழ்த்து, மூடியை இறுக்கிவிடுங்கள். உட்பக்கத்தில் நீர்த்துளி தெரியும் காலம் முழுதும் மறுபடி தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

10.06.2024

ஒன்றை எழுத மறந்துவிட்டேன், அதுவோ முக்கியமானது. உங்கள் தடிகள் இருந்த அறையில் மின்விசிறி சுழல்கிறதா?

இதை நான் அறிந்துகொண்டது 2022இல். அப்போது என் மேசையில் எல்.ஈ.டி விளக்கின் கீழ் குரோட்டன் தடிகளும் செவ்வரத்தைத் தடிகளும் இருந்தன. மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. விளக்கு இல்லாமல் தடிகள் போய்விடும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாட்களில், பகல் முழுதும் தொங்கிக் கிடக்கும் இலைகள் மத்தியானத்திலும் நிமிர்ந்து நின்றன. விளக்கோடு மின்விசிறியும் நின்றிருந்தது என்பது பிடிபட எனக்கு நாலைந்து நாள் எடுத்தது. விசிறிக் காற்று இலையை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைக் கணமும் தங்கவிடாமல் துடைத்துக்கொண்டு போகிறது. கொடியில் போட்ட துணி காற்றுக்கு விரைவில் உலர்வதும் இதே காரணத்தால்தான். மூடி போடாத தடியை விசிறியின் கீழ் வைக்கவே கூடாது.

16.06.2024

ஹோர்மோன் தூள் பயனற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 1935இல் சிம்மர்மன், வில்கொக்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பொய்ஸ் தொம்சன் ஆய்வு நிலையத்தில் இந்தோல் பியூற்றிரிக் அமிலமும் நப்தலீன் அசற்றிக் அமிலமும் தண்டில் வேரைத் தூண்டுவதைக் காட்டினார்கள். இரண்டும் ஓட்சின் வகை; இன்றும் கடைத் தூள்களில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். மாப்போன்ற ரல்க் பொடியில் அந்த அமிலத்தைச் சிறிதளவு கலந்திருப்பார்கள். அந்தச் சிறிதளவு எவ்வளவு என்பதில்தான் காரியம் இருக்கிறது. இளந்தண்டுக்கு 0.1 வீதம், பாதி முற்றியதற்கு 0.3 வீதம், நன்கு முற்றிய கடின தண்டுக்கு 0.8 வீதம் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. சிட்டையைப் படித்து உங்கள் தூளின் அளவைச் சொல்லுங்கள்.

தூளைப் பயன்படுத்தும் முறையிலும் பிழை வரும். டப்பிக்குள் நேரே தடியை விடாமல், ஒரு கடதாசியில் சிறிது கொட்டி அதில் தொட்டுக்கொள்ளுங்கள். ஈரத் தடி பட்டால் டப்பி முழுதும் கெட்டுவிடும். தொட்ட பிறகு விரலால் தட்டி உதிர்த்துவிடுங்கள். வெண்ணிறத் தொப்பிபோல அடியில் அப்பியிருந்தால் அது கூடிப்போன அளவு. டப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் குசினி அலுமாரியில் இரண்டு வருடம் கிடந்த தூளில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ரல்க்தான்.

17.06.2024

0.8 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அடி கறுத்தது முழுவதும் அழுகல் இல்லை. இளந்தண்டுக்குக் கூடிய அளவு ஓட்சின் பட்டால் அடி வெந்ததுபோலக் கறுத்துச் சாகும். இரண்டையும் பிரித்தறியத் தடியைப் பிடுங்கி விரலால் நசித்துப் பாருங்கள். அழுகியது கொழகொழவென்று தோல் கழன்று வரும், மணக்கும். ஹோர்மோன் கூடிப்போனது கறுத்தாலும் இறுக்கமாக, காய்ந்ததுபோல இருக்கும். கறுப்பும் தூள் பட்ட இடத்தோடு ஒரு கோடு போட்டதுபோல நிற்கும்.

செவ்வரத்தைக்கு 0.3 வீதம் போதும். கிடைக்காவிட்டால் தூளே இல்லாமல் நடுங்கள். செவ்வரத்தை தானாகவே வேர்விடும் இனம். மூடியும் ஊடகமும் சரியாக இருந்தால் 4 முதல் 6 வாரத்தில் விட்டுவிடும்.

30.06.2024

ஊடகம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் மண் வேண்டாம் என்று மட்டும் எழுதிவிட்டு மேலே போனது குறைதான்.

நம் செம்பாட்டு மண் தோட்டத்தில் பொன். ஆனால் யோகட் கோப்பைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மூன்றாம் நாள் களிபோல இறுகிவிடும். அதற்குள் காற்றுப் போக இடமில்லை. மணலைப் பொறுத்தவரை நமக்கு ஆற்று மணல் அருமை. கரையோரத்து மணலில் உப்பு இருக்கும். நான் எடுப்பது தும்புத்தூளும் உமிக்கரியும், இரண்டும் சரிபாதி. தும்புத்தூள் ஈரம் பிடிக்கும், உமிக்கரி இடைவெளி தரும். உமி எரிந்து சாம்பலாகிவிடக் கூடாது. கறுத்து, உமியின் வடிவம் கெடாமல் இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். சாம்பல் கலந்தால் காரத்தன்மை கூடிவிடும்.

தும்புத்தூளைக் கழுவாமல் பாவிக்காதீர்கள். மட்டையைக் கடலோரத்தில் ஊறப்போட்டு எடுத்த தும்பென்றால் தூளிலும் உப்பு ஏறியிருக்கும். வாளியில் ஊறவைத்து, பழைய சாரத் துணியில் கட்டிப் பிழிந்து, மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். முதல் தண்ணீர் தேயிலைச் சாயம்போல வரும்; மூன்றாவது வெளிறிவிடும். பிறகு கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். அடியழுகலைக் கொண்டுவரும் பூஞ்சண வகைகள் பழைய சாடி மண்ணிலிருந்தே பெரும்பாலும் தொற்றுகின்றன.

ஈரம் எவ்வளவு என்பதற்குக் கையே அளவுகோல். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியும்போது விரல் இடுக்கில் ஒன்றிரண்டு துளி கசியலாம், ஒழுகக் கூடாது. கையை விரித்தால் பிடி உடையாமல் நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். பிட்டு மாக் குழைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதம் கைவந்தது. அதைவிடச் சற்று ஈரம் கூட, அவ்வளவுதான்.

02.07.2024

பிடுங்கிப் பார்க்காதீர்கள். 17ஆம் திகதி பிடுங்கச் சொன்னது செத்த தடியை. வேர் முதலில் கண்ணாடி நூல்போல வரும். ஊடகத்தில் இருந்து இழுத்தால் அறுந்து, அடுத்த வேருக்கு இன்னும் மூன்று வாரம் ஆகும். பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் தெளிவான பிளாஸ்ரிக் குவளையில் நட்டு, கறுப்புப் பொலித்தீனால் சுற்றிவிட்டு, வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இருட்டு வேர் பிறப்பதற்கும் உதவும்.

21.07.2024

முதற் குறிப்பில் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும்.

இரண்டு இலையை விட்டு அவற்றையும் பாதியாகக் கத்தரிக்கச் சொன்னேன். அது மூடி இல்லாமல் நடுகிறவர்களின் வழக்கம். மூடிக்குள் வைக்கும் தடிக்கும் அதையே சொன்னது யோசிக்காமல் செய்தது. ஜூன் நடுவில் நானும் உங்களோடு சேர்ந்து 12 செவ்வரத்தைத் தடி நட்டேன். 6 தடியில் இலையைக் கத்தரித்தேன், 6 தடியில் மூன்று முழு இலைகளை விட்டேன், எல்லாவற்றுக்கும் போத்தல் மூடினேன். இன்று குவளைகளின் பொலித்தீனைக் கழற்றிப் பார்த்தபோது முழு இலைத் தடிகளில் ஐந்தில் வேர் சுவரைத் தொட்டிருந்தது. கத்தரித்தவற்றில் இரண்டில் மட்டும் வேர் தெரிந்தது. மற்ற நாலும் பச்சையாக, அடியில் வெள்ளைத் தடிப்போடு நிற்கின்றன. அந்தத் தடிப்பு வேர் அல்ல, காயத்தை மூடும் கலத்திரள். அது வந்தால் வேர் வந்தே தீரும் என்ற உறுதி கிடையாது.

இலைதான் தடியின் அடுப்பு என்று நானே எழுதாத குறையாகச் சொல்லிவிட்டு, அதை அரைவாசி அணைக்கவும் சொல்லியிருக்கிறேன். மூடி இருந்தால் இலையை விடுங்கள். இலைகள் ஒன்றையொன்று மறைத்தாலோ போத்தல் சுவரில் ஒட்டி நனைந்து கிடந்தாலோ மட்டும் கத்தரியுங்கள். மண்ணுக்குள் புதையும் இலையை எப்போதும் எடுத்துவிட வேண்டும்.

11.08.2024

மேற்படி 5க்கு 2 என்ற கணக்கைப் பார்த்து ஒரு வாசகர், "இது போதுமான ஆதாரமா?" என்று கேட்டது நியாயமான கேள்வி. போதாது. ஒரு நாணயத்தை 10 தரம் சுண்டினால் 7 தரமோ அதற்கு மேலோ தலை விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. எந்தச் சூட்சுமமும் இல்லாமலே பத்துத் தடியில் ஏழு வேர்விட்டு நம்மை ஏமாற்றலாம். இதனால்தான் ஒருவர் தேன் தொட்டேன் வந்தது என்கிறார், இன்னொருவர் கறுவாத்தூள் என்கிறார், மூன்றாமவர் கற்றாழைச் சாறு என்கிறார். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு வந்தது. தொடாமல் பக்கத்தில் பத்துத் தடி வைத்திருந்தால் அதிலும் வந்திருக்கலாம். கறுவாவுக்கும் தேனுக்கும் பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும் குணம் உண்டு. வேரை வரவழைக்கும் ஹோர்மோன் அவற்றில் இல்லை. முழு இலை பற்றிய என் முடிவை நான் மாற்றவில்லை, ஏனென்றால் காரணமும் அதே திசையைக் காட்டுகிறது. என்றாலும் இன்னொருமுறை, இருபது இருபதாக, நடப் போகிறேன்.

தம்பி, உங்கள் இரண்டாம் தொகுதியில் 10இல் 6 வேர்விட்டதாக எழுதியது மகிழ்ச்சி. மிகுதி 4உம் மேற்கு யன்னலில் இருந்தவை என்பதைக் கவனித்தீர்களா? நான் சோதித்துப் பார்த்தேன். பின்னேரம் 3 மணி வெயில் நேரே படும் இடத்தில் மூடிய போத்தலுக்குள் வெப்பமானி வைத்தேன். அரை மணி நேரத்தில் 44 பாகை செல்சியஸ் காட்டியது. அறையில் அப்போது 32. வேர் பிறப்பதற்கு அடியில் 21 முதல் 27 பாகை வரை நல்லது என்பார்கள். குளிர்நாட்டு ஆலோசனைகளில் வரும் சூடேற்றும் பாய் நமக்குத் தேவையே இல்லை. நம் கவலை முழுவதும் எப்படிக் குளிராக வைப்பது என்பதுதான். வடக்கு யன்னலோ, விறாந்தைப் பக்கம் பார்த்த யன்னலோ தெரியுங்கள். தடிக்கு ஓர் அடி மேலே கையைப் பிடித்தால் விளிம்பு மங்கிய நிழல் விழ வேண்டும். கூர்மையான நிழல் விழுந்தால் வெயில் கூட. நிழலே விழாவிட்டால் இருட்டுக் கூட.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு பெரிய மண்சட்டியின் நடுவில், துளையை மெழுகால் அடைத்த சின்ன மண்சட்டியை வைத்து, இரண்டுக்கும் இடையில் ஊடகத்தை நிரப்பித் தடிகளை வட்டமாக நடுங்கள். சின்னச் சட்டியில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். அது சுவரால் கசிந்து ஈரத்தைச் சீராக வைக்கும். பெரிய சட்டியின் வெளிப்புறம் ஆவியாகும்போது அடியும் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல. பூச்சுப் பூசிய சட்டி இதற்கு உதவாது.

12.08.2024

தண்ணீர்ப் போத்தலில் வேர் வைப்பவர்களுக்கு. நுளம்பை மறக்காதீர்கள். தெளிந்த, அசையாத, நிழலான தண்ணீரைத்தான் டெங்கு நுளம்பு தேடுகிறது; முட்டையில் இருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். மணிப்பிளாண்ட் போத்தலின் வாயைத் தண்டைச் சுற்றிப் பஞ்சால் அடையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, போத்தலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தடிக்கும் அது நல்லது. 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும் தண்ணீர் 30 பாகையில் ஏழரையளவுதான் பிடிக்கும். நம் அறைகளில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மணிப்பிளாண்டில் ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவாவது இருக்க வேண்டும். கணு இல்லாத இலை வேர்விட்டு மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். ஒருநாளும் புதுக் குருத்து விடாது.

08.09.2024

இளநீரில் ஊறவைத்தால் தடி நன்றாக வேர்விடுமா? இந்தக் கேள்வி நாலு இடத்தில் வந்துவிட்டதால் நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னர் நட்டு இன்று பார்த்ததை எழுதுகிறேன். 20 குரோட்டன் தடிகளை இளநீரில் ஓர் இரவு ஊறவைத்தேன், 20 தடிகளைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்தேன். இளநீர்த் தடிகளில் பாதிக்கு மேல் அடியில் வழுவழுப்பான படலம் படிந்து புளித்த மணம் வந்தது. 7 மட்டுமே வேர்விட்டன. தண்ணீர்த் தடிகளில் 13.

இளநீரில் சத்து இல்லை என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. 1941இல் வான் ஓவர்பீக்கும் தோழர்களும் ஊமத்தையின் இளம் முளையங்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்கத் தேங்காய்நீரைப் பயன்படுத்தியது தாவரவியலில் பெயர்பெற்ற சம்பவம். ஆனால் அங்கே எல்லாம் கிருமி நீக்கப்பட்டிருந்தது, தேவைப்பட்டதும் கலப்பிரிவுதான். இளநீரில் ஓட்சினோடு சைற்றோகைனின் என்ற இன்னொரு ஹோர்மோனும் இருக்கிறது. ஓட்சின் விகிதம் கூடினால் வேர், சைற்றோகைனின் கூடினால் தளிர் என்பதை ஸ்கூக்கும் மில்லரும் 1957இல் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். வேர் தேவைப்படும் இடத்தில் தளிருக்கு உரியதை ஊற்றுகிறோம். அதோடு சேரும் சர்க்கரை பூஞ்சணத்துக்கு விருந்து. அம்மம்மாமார் இளநீர் ஊற்றிப் பிழைத்த செடிகள் பெரும்பாலும் வெளியே, மழைக்காலத்தில், மண்ணில் நட்டவை. அங்கே மழை ஒரே நாளில் கழுவிவிடும்.

06.10.2024

"வேர்விட்ட தடி போத்தலை எடுத்த அன்றே சுருண்டு விழுந்தது" என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு முறை ஒரே மத்தியானத்தில் 9 கன்று போனது. அத்தனை வாரம் காத்துக் கிடந்து வேரையும் கண்ட பிறகு கன்றைப் பறிகொடுப்பது நெஞ்சை உறுத்தும் விடயம்.

மூடிக்குள் வளர்ந்த இலைக்கு வெளிக்காற்றைத் தாங்கப் பழக்கம் இல்லை. மேல்தோலின் மெழுகு மெல்லியது. இலைவாய்களும் உடனே மூடிக்கொள்ளத் தெரியாதவை. வேர் 3 சென்ரிமீற்றர் அளவுக்கு வந்து, கிளைவேரும் காட்டத் தொடங்கியதும், முதலில் போத்தலின் மூடியை மட்டும் திருகி எடுங்கள். மூன்று நாள் கழித்துப் போத்தலின் ஒரு பக்கத்தை ஈர்க்குக் கட்டுவைத்து உயர்த்துங்கள். அடுத்து இரவில் மட்டும் எடுத்துவிட்டு, காலையில் திரும்பக் கவிழ்த்துவிடுங்கள். இலை வாடினால் ஒரு படி பின்னே போங்கள். பத்து நாளில் பழகிவிடும். சாடிக்கு மாற்றுவதை அதற்குப் பிறகு, ஒரு பின்னேரத்தில் செய்யுங்கள். உரம் அப்போதும் வேண்டாம். புதுக் குருத்து ஒன்று விரிந்த பிறகு பார்க்கலாம்.

தண்ணீரில் வேர் வைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீரில் பிறந்த வேர் மண்ணின் வறட்சிக்குப் பழகியதல்ல. 3 அல்லது 4 சென்ரிமீற்றரில் மாற்றிவிட வேண்டும். போத்தலைச் சுற்றிப் பந்தாக உருளும்வரை அழகு பார்த்துக்கொண்டிருந்தால் மாற்றும்போது பாதி முறிந்துவிடும்.

03.12.2024

கார்த்திகை மழை ஓய்ந்து வளவில் நின்ற வெள்ளமும் வடிந்துவிட்டது. உங்கள் வீடுகள் பாதிப்பில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். மாடிப் படிக்குக் கீழே ஒரு வாளியில் நான் மறந்துவிட்டிருந்த செவ்வரத்தைக் கழிவுத் தடிகள், மூடியும் இல்லாமல் தூளும் இல்லாமல், நனைந்த தும்புத்தூள் மேல் சாய்ந்து கிடந்தபடியே வேர்விட்டிருக்கின்றன. காற்றில் அத்தனை ஈரம். போத்தல் கவிழ்த்து நாம் யன்னலோரம் செய்துகொண்டிருப்பது ஒரு கோப்பைக்குள் மாரியை வரவழைப்பதுதான்.

கிணற்று நீர் பற்றியும் ஒரு திருத்தம். ஒக்ரோபரில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, நம் சுண்ணக்கல் தரையின் வன்னீர் தடிக்கு ஆகாது, மழைநீரே ஊற்றுங்கள் என்று உறுதியாகச் சொன்னேன். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஊறிப்போன எண்ணம் அது. மழைநீர் சேர்த்து 20, கோப்பாயில் உள்ள என் கிணற்று நீரில் 20 என்று நட்டதில் முறையே 16உம் 15உம் வேர்விட்டன. இதை வேறுபாடு என்று சொல்ல முடியாது. ஆகவே ஊடகத்தை நனைக்க என் கிணறு போதும். ஆனால் அந்த நீரை இலைமேல் தெளித்த தடிகளில், மூன்று வாரத்தில் திருநீறு பூசியதுபோல வெள்ளை படிந்து இலை மங்கிவிட்டது. தெளிப்பதற்கு மழைநீர் அல்லது கொதித்து ஆறித் தெளிந்த நீர். கடலோரப் பக்கம், குடித்தால் உவர்க்கும் கிணறு உள்ளவர்களுக்கு என் கிணற்றுக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் ஊற்றுவதற்கும் மழைநீரையே சேர்த்து வைக்கட்டும்.

04.12.2024

திராட்சைத் தடி கேட்டவருக்கு: கவாத்துச் செய்யும்போது விழும் முற்றிய கொடியில், மூன்று நான்கு அரும்பு இருக்கும் துண்டுகளாக வெட்டுங்கள். இது கதியால் இனம், சேமிப்பில் வாழும். போத்தல் மூடி கட்டாயமில்லை. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்சின் நுனியில் இருந்து அடிக்கே போகும். தடியைத் திருப்பி நட்டாலும் அது தன் வழியை மாற்றாது.

15.01.2025

பொங்கலுக்கு முதல் நாள் படம் அனுப்பிய தம்பிக்கு. மூன்றாம் தொகுதியில் 20இல் 17. கடந்த ஆனியில் வீட்டுக்குள் சரிவராது என்று எழுதிய கைதான் இது. படத்தில் இடமிருந்து மூன்றாவது குவளையில் வேர் கபில நிறமாகத் தெரிகிறது. அதை மற்றவற்றில் இருந்து தள்ளி வையுங்கள், இன்று இரவே மூடியையும் திறந்துவிடுங்கள். பிளேட்டை ஸ்பிரிற்றில் துடைத்த பிறகே அடுத்த தடியைத் தொடுங்கள்.

உங்கள் பெரியம்மா வீட்டு அடுக்கு மல்லிகை பற்றி: மதில் கட்டுவதற்காக அந்தச் செடியைப் பங்குனியில் வெட்டப்போகிறார்கள் என்றால் தடியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மல்லிகை எனக்குத் தடியில் பாதிக்கு மேல் வந்ததில்லை. பதியம் வையுங்கள். தரைக்குக் கிட்டப் படரும் கொடி ஒன்றைத் தெரிந்து, ஒரு கணுவின் கீழே தோலைச் சற்றுச் சீவி, தும்புத்தூள் நிரப்பிய யோகட் கோப்பைக்குள் அந்தக் கணுவைப் புதைத்து, மேலே ஒரு சிறு கல்லை வையுங்கள். தாய்ச்செடியோடு ஒட்டியிருக்கும்வரை கொடிக்குத் தண்ணீரும் சாப்பாடும் அங்கிருந்து வரும். இந்த இழை முழுவதும் நாம் போத்தலும் மூடியும் கொண்டு சமாளித்த இக்கட்டு அங்கே எழவே எழாது. இந்த வாரமே வைத்தால் வெட்டுவதற்கு முன்னர் ஏழெட்டு வாரம் கிடைக்கும். நாலைந்து கோப்பை வையுங்கள், ஒன்றை நம்பி இருக்காதீர்கள். மாசி நடுப்பகுதியில் கோப்பையை மெல்ல அசைத்துப் பாருங்கள். கொடி அசையாமல் கோப்பையோடு சேர்ந்தே வந்தால் வேர் பிடித்துவிட்டது, தாய்ப் பக்கத்தை வெட்டலாம். கூடவே பத்துத் தடியும் போத்தலுக்குள் வையுங்கள். 0.3 வீதத் தூள் என்னிடம் இருக்கிறது. கோப்பாய்ப் பக்கம் வந்தால் ஒரு கடதாசியில் மடித்துத் தருகிறேன்.